சிறு தோட்டத்துக்கு டிராக்டர்: கலப்பையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

ஷோரூமில் முதலில் காதில் விழும் எண் எச்.பி., அதாவது குதிரைத்திறன்தான். "அஞ்சு ஏக்கரா? அப்ப 35 எச்.பி. எடுத்துக்குங்க" என்று ஏக்கரை மட்டும் கேட்டு வண்டியை முடிவுசெய்துவிடுவார்கள். ஆனால் ஐந்து ஏக்கர் நெல்லும், ஐந்து ஏக்கர் வாழையும், ஐந்து ஏக்கர் கரிசல் பருத்தியும் ஒரே வண்டியைக் கேட்பதில்லை. எந்தக் கருவி, எந்த மண், எவ்வளவு இடைவெளி, வருடத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற நான்கும் தெரிந்துவிட்டால் எச்.பி. கடைசியில் தானாக வந்து நிற்கும். தமிழ்நாட்டில் 3 முதல் 15 ஏக்கர் வரை வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது.

வாங்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை ஷோரூமில் யாரும் கேட்கமாட்டார்கள், அதனால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கருக்கு ஒரு போகத்தில் கொத்துக் கலப்பை இரண்டு சால், ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஒரு சால், பார் பிடிப்பது, எரு அடிப்பது எல்லாம் சேர்த்து 5 முதல் 6 மணி நேரம் வண்டி ஓடும். ஐந்து ஏக்கரில் இரண்டு போகம் என்றால் வருடத்துக்கு அதிகபட்சம் 60 மணி நேரம்.

இப்போது செலவு. 40 எச்.பி. வண்டி, ரோட்டவேட்டர், கொத்துக் கலப்பை, டிரெய்லர் எல்லாமாக 9 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து 3 லட்சத்துக்கு விற்றால், தேய்மானம் வருடத்துக்கு 60,000. போட்ட பணத்தின் வட்டி சராசரியாக 55,000. இன்சூரன்ஸ், ஆயில், சர்வீஸ், டயருக்கு ஒதுக்குவது 20,000. ஆக, வண்டி கொட்டகையில் நின்றாலும் வருடத்துக்கு 1,35,000 போகும். ஊரில் வாடகை மணிக்கு 1,200 என்றும், சொந்த வண்டிக்கு டீசலும் ஓட்டுநர் கூலியும் மணிக்கு 600 என்றும் வைத்தால், ஒரு மணி நேரம் ஓட்டினால் மிச்சம் 600. 1,35,000ஐ 600ஆல் வகுத்தால் 225 மணி நேரம். அதற்குக் கீழே ஓடினால் வாடகை வண்டியே மலிவு. உங்கள் ஊர் வாடகையையும் நீங்கள் கேட்டுவந்த விலையையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்.

60 மணிக்கும் 225 மணிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்க இரண்டே வழி: அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஓட்டுவது, அல்லது பழைய வண்டி வாங்கி நிலையான செலவைக் குறைப்பது. வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலியில் இ-வாடகை மூலம் பதிவுசெய்யலாம். உங்கள் வட்டாரத்தில் சரியான நேரத்துக்கு அது கிடைக்கிறதென்றால் அதையும் கணக்கில் சேருங்கள்.

பணக்கணக்குக்கு அடங்காத ஒரு நியாயமும் உண்டு. மழை பெய்து மண் பதமாக இருக்கும் இரண்டு நாளில் ஊரே வண்டியைத் தேடும். மானாவாரிக்காரருக்கு அந்த இரண்டு நாள்தான் விளைச்சல். அதேபோல வாழை, மரவள்ளி, காய்கறித் தோட்டங்களுக்குள் வாடகைக்கு வரும் பெரிய வண்டி நுழையவே முடியாது. களைக்கூலி மிச்சமாவதால் அங்கே சொந்த மினி டிராக்டர் 225 மணி ஓடாமலும் கட்டுப்படியாகலாம்.

ரோட்டவேட்டர்தான் அளவுகோல்

சிறு தோட்டத்தில் இஞ்சினை அதிகம் திணறவைக்கும் கருவி ரோட்டவேட்டர். அதற்கு ஈடுகொடுக்கும் வண்டி மற்றவற்றுக்கும் பெரும்பாலும் போதும். எனவே கணக்கை அங்கேயே தொடங்கலாம்.

வண்டியின் முகப்பில் ஒட்டியிருப்பது இஞ்சின் எச்.பி. ரோட்டவேட்டரைச் சுற்றவைப்பது, கருவிகளுக்குச் சுழற்சி தரும் பின்பக்கத் தண்டில் (பி.டி.ஓ.) வரும் பி.டி.ஓ. எச்.பி. வழியில் கியரும் பம்பும் தின்றதுபோக இஞ்சின் திறனில் 85 முதல் 90 விழுக்காடுதான் பின்னால் வந்து சேரும். சில சின்ன நான்கு சக்கர இழுவை வண்டிகளில் இன்னும் குறையும். 24 எச்.பி. என்று விற்கும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே பி.டி.ஓ.வில் 4 எச்.பி. வித்தியாசம் இருப்பதுண்டு. ஆகவே கேட்க வேண்டிய எண் பி.டி.ஓ. எச்.பி.

ரோட்டவேட்டரின் ஓர் அடி அகலத்துக்கு செம்மண்ணிலும் மணல் கலந்த மண்ணிலும் 6 முதல் 7 பி.டி.ஓ. எச்.பி. வேண்டும். கரிசல், களிமண் என்றால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் கணக்கில் மூன்றரை அடி ரோட்டவேட்டருக்கு 21 முதல் 24 பி.டி.ஓ. எச்.பி., அதாவது 25 முதல் 28 எச்.பி. வண்டி. ஐந்து அடிக்கு 38 முதல் 42 எச்.பி. வண்டி. ஆறு அடிக்கு 45க்கு மேல். கரிசலில் 40 எச்.பி. வண்டியில் ஆறு அடியைப் பூட்டினால் ஓடத்தான் செய்யும். இரண்டு அங்குல ஆழத்தில் மேல்மண்ணைச் சீவிக்கொண்டு, கறுப்புப் புகையோடு.

அகலத்தில் இன்னொரு சிக்கல். பின்டயர்கள் பதிந்துபோகும் தடத்தை ரோட்டவேட்டர் அழித்துக்கொண்டே வர வேண்டும். 13.6க்கு 28 டயர் போட்ட 40 எச்.பி. வண்டி, சக்கரத்தை மிகக் குறுக்கி வைத்தாலும் வெளியோரம் ஐந்தரை அடிக்கு வரும். ஐந்தடி ரோட்டவேட்டரை நடுவில் பூட்டினால் இரு பக்கமும் கொஞ்சம் தடம் மிஞ்சும். அதனால்தான் அதை ஒருபக்கமாகத் தள்ளிப் பூட்டும்படி செய்கிறார்கள். வாங்கும்போது அந்த வசதி உள்ளதா, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துவிடுங்கள். வரப்போரம் ஓட்டுவது அந்தப் பக்கத்தில்தான்.

அடுத்தது வேகம். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும். அந்தச் சுற்று கிடைக்கும் இஞ்சின் வேகம் மீட்டரில் தனிக்கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்த வேகத்தில் மணிக்கு 2 முதல் 4 கி.மீ. ஓடும் கியர்கள் குறைந்தது இரண்டாவது வேண்டும். கீழ்க் கியரே 3 கி.மீ.க்கு மேல் ஓடினால் மண் தூளாகாது, கட்டிகட்டியாக நிற்கும். ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க ஆக்சிலரேட்டரைத் தளர்த்துவார், உடனே கத்தியின் சுற்றும் குறைந்துவிடும். இஞ்சின் பலம் எல்லாம் இருந்தும் உழவு சரியில்லை என்ற புகார்களில் பாதி இதில்தான் முடிகிறது. கியர்வேகப் பட்டியல் விளம்பரத் துண்டறிக்கையில் இருக்காது, கையேட்டில் இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

கிளட்ச் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மிதித்தவுடன் சக்கரமும் நிற்கும், ரோட்டவேட்டரும் நிற்கும். இரட்டைக் கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும். கத்தி சுற்றிக்கொண்டே அடைத்த புல்லையும் தட்டையையும் வெளியே தள்ளிவிடும். முழுதும் மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். பி.டி.ஓ.வுக்குத் தனி நெம்புகோல் உள்ள வண்டி இன்னும் வசதி. ரோட்டவேட்டர், வைக்கோல் கட்டும் இயந்திரம், தென்னை மட்டை தூளாக்கி இவற்றில் ஒன்றாவது உண்டு என்றால் ஒற்றைக் கிளட்ச் வேண்டவே வேண்டாம். கொத்துக் கலப்பையும் டிரெய்லரும் மட்டும்தான் என்றால் ஒற்றையே போதும்.

ரோட்டவேட்டரையே வருடக்கணக்கில் ஓட்டினால் ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் நிற்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பை போட்டு 40 செ.மீ. வரை கீறிவிட வேண்டும். அதற்கு அதிக இழுவை கேட்கும். அந்த ஒருநாள் வேலைக்காகப் பெரிய வண்டி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு நாளுக்கு வாடகை வண்டியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணும் இடைவெளியும்

சேற்றுழவுதான் முக்கிய வேலை என்றால் 35 முதல் 45 எச்.பி. வண்டியோடு கேஜ் வீலும் (சேற்றுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) கணக்கில் சேர வேண்டும். சேற்றில் எடை கூடினால் இழுவை கூடாது, வண்டி இறங்கத்தான் செய்யும். கடினத்தரை ஆழத்தில் இருக்கும் வயலில் அளவான எடையுள்ள நான்கு சக்கர இழுவை வண்டி, கனமான இரண்டு சக்கர இழுவை வண்டியைவிட நன்றாகக் கரையேறும். இங்கே ஆயிலில் மூழ்கிய பிரேக் கட்டாயம். உலர் பிரேக்கில் சேற்றுநீர் போய் ஒரே போகத்தில் பிடிப்பு போய்விடும். அச்சு சீல்கள் தேய்ந்தால் கியர் ஆயிலில் தண்ணீர் கலக்கும். நெல்வயல் வண்டிக்கு சீல் மாற்றும் செலவு வருடாந்தரச் செலவு என்றே எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் புதையும் உளையில் எந்த டிராக்டரும் தேறாது, பவர் டில்லர்தான்.

சேற்றில் சிக்கிய வண்டியின் பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னோக்கி எடுக்கும் பழக்கம் ஆளைக் கொல்லும். சக்கரம் சுற்ற முடியாமல் இறுகினால், அந்தப் பலம் வண்டியின் மூக்கைத் தூக்கி ஓட்டுநர்மேல் கவிழ்த்துவிடும். கருவியைக் கழற்றிவிட்டு ரிவர்சில் எடுங்கள், இல்லையேல் இன்னொரு வண்டியை வைத்து முன்னாலிருந்து இழுங்கள்.

வாழையில் ஆறடி இடைவெளி என்றால், மூன்றேகால் முதல் மூன்றரை அடி அகலமுள்ள மினி டிராக்டரும் அதே அகல ரோட்டவேட்டரும் மூன்று, நான்கு மாதம் வரை உள்ளே போய்வரும். அதன்பிறகு இலையும் பக்கக்கன்றும் தடுக்கும். கணக்கு எளிது: கருவியின் அகலத்தோடு இருபக்கமும் குறைந்தது முக்கால் அடி விட்டுக் கூட்டினால் தேவையான இடைவெளி கிடைக்கும். இந்தத் தோட்டங்களுக்கு 20 முதல் 28 எச்.பி. வரையான நான்கு சக்கர இழுவை மினிதான் பொருத்தம். 15 எச்.பி. ஒற்றை சிலிண்டர் வண்டிகள் விலை குறைவு, டீசலும் குறைவு. களையெடுக்க, மருந்தடிக்க, சின்ன டிரெய்லர் இழுக்க நல்லவை. ஆனால் காய்ந்த களிமண்ணில் முதல் உழவை அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள்.

தென்னைக்கு மினிதான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் மரத்தைச் சுற்றி ஆறடி ஆர வட்டப்பாத்தியை இருபக்கமும் விட்டாலும் நடுவே 13 அடி மிஞ்சும். 40 எச்.பி. வண்டி தாராளமாகப் போகும். மட்டை தூளாக்கிக்கும் அந்தப் பலம் தேவைப்படும். மாவும் கொய்யாவும் வேறு கதை. அங்கே கிளை தாழ்வு, ஆகவே செங்குத்துப் புகைக்குழாயும் உயரமான கூரையும் உள்ள வண்டி படாதபாடு படும். கீழ்ப்பக்கம் புகை விடும் வண்டியைத் தேடுங்கள்.

சொட்டுநீர்க் குழாய் விரித்த நிலத்தில் ஒவ்வொரு உழவுக்கும் குழாயைச் சுருட்டி எடுக்க வேண்டியிருக்கும். இதற்கு வண்டியில் தீர்வு கிடையாது.

நான்கு சக்கர இழுவை பற்றி ஒரு வார்த்தை. ஈரமண், மேடுபள்ளம், மினி வண்டி - இம்மூன்றில் ஒன்று இருந்தால் கூடுதல் விலைக்குத் தகும். காய்ந்த சமநிலத்தில் 40 எச்.பி. வண்டிக்கு அவசியமில்லை, பின்டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, முன்னால் எடைக்கட்டி மாட்டினாலே வழுக்கல் குறைந்துவிடும். தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். போட்டபடியே ஓட்டினால் முன்டயர் மொட்டையாகிவிடும், முன் அச்சின் கியரும் தேயும்.

தூக்கும் திறன்

"1,100 கிலோ தூக்கும்" என்பது பெரும்பாலும் கருவியைப் பூட்டும் கீழ்க்கைகளின் நுனியில் அளந்தது. கருவியின் எடை அங்கே இல்லை, இன்னும் இரண்டடி பின்னால் இருக்கிறது. அங்கே திறன் குறையும். ஐந்தடி ரோட்டவேட்டர் சுமார் 400 கிலோ, மண் ஒட்டினால் இன்னும் கூடும். ஆகவே கருவி எடையைப்போல் இருமடங்கு திறன் எழுதியிருந்தால் நிம்மதி. தூக்க முடிகிறதா என்பதோடு முன்பக்கம் தரையில் நிற்கிறதா என்பதும் முக்கியம். கருவியைத் தூக்கிக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால், வரப்பேறும்போது முன்சக்கரம் எழும்பப்போகிறது என்று அர்த்தம். முன் எடைக்கட்டிகளைப் பேரம் பேசும்போதே கேட்டு வாங்குங்கள்.

பூட்டும் கைகளின் ஊசி அளவையும் பாருங்கள். மினி வண்டிகளில் கீழ் ஊசி 22 மி.மீ., பெரியவற்றில் 28 மி.மீ. பக்கம். சின்ன ஊசியைப் பெரிய துளையில் மாட்டி ஓட்டினால் ஆட்டத்தில் துளை நீள்வட்டமாகி, கருவி பக்கவாட்டில் அலையும். புஷ் போட்டால் சரியாகிவிடும்.

டிரெய்லரை எப்போதும் கீழேயுள்ள இழுவைக்கம்பியிலோ கொக்கியிலோ மட்டும் மாட்டுங்கள். கருவியின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் மேல் கையில் கட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கிப் பின்னால் மல்லாந்துவிடும். மினி வண்டி மூன்று டன் இழுக்கும், நிறுத்தாது. இறக்கத்தில் டிரெய்லர்தான் வண்டியைத் தள்ளும்.

ஷோரூமும் சோதனையும்

விளம்பர எண்ணைவிட நம்பத்தகுந்தது அரசின் சோதனை அறிக்கை. மத்தியப் பிரதேசத்தின் புட்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பி.டி.ஓ.வில் அதிகபட்ச எச்.பி., டீசல் செலவு, தூக்கும் திறன், பிரேக், சோதனையில் வந்த பழுது எல்லாம் அதில் இருக்கும். மாடல் பெயரைச் சொல்லி டீலரிடம் கேளுங்கள். இல்லை என்பவரிடம் எதனால் இல்லை என்றும் கேளுங்கள்.

பிறகு வண்டியை உங்கள் நிலத்துக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கப்போகும் ரோட்டவேட்டரோடு, உங்களுடைய கடினமான மூலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். தொடங்கும்முன் டேங்க்கை வாயளவு நிரப்பி, முடிந்தபின் மறுபடி வாயளவு நிரப்பினால் எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். 40 எச்.பி. வண்டி ரோட்டவேட்டரில் மணிக்கு 4 முதல் 6 லிட்டர், 25 எச்.பி. மினி 2 முதல் 3 லிட்டர் பிடிப்பது வழக்கம். வரப்பு முனையில் எவ்வளவு இடத்தில் திரும்புகிறது, தோட்டத்து வாசலிலும் வாய்க்கால் பாலத்திலும் நுழைகிறதா, கிளட்சை உங்கள் வீட்டில் ஓட்டப்போகிறவரின் கால் எட்டுகிறதா என்றும் பாருங்கள். பவர் ஸ்டீயரிங்கைச் சொகுசு என்று தள்ளாதீர்கள். எட்டு மணி நேரம் சேற்றில் ஓட்டும் தோளுக்கு அது தேவை.

50 எச்.பி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 ஜனவரியிலிருந்து கடுமையான புகை விதிகள் வந்துள்ளன. இஞ்சினில் மின்னணுக் கட்டுப்பாடும் விலையும் கூடின. சிறு தோட்டத்துக்கு அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

எந்தக் கம்பெனி என்ற கேள்விக்கு எங்கள் பதில்: அரைமணிப் பயணத்தில் மெக்கானிக்கும் உதிரிப்பாகமும் கிடைக்கும் கம்பெனி. உழவுப் பருவத்தில் மூன்று நாள் நின்றால், காகிதத்தில் கிடைத்த சிறப்பெல்லாம் போய்விடும். பக்கத்து ஊரில் அதே மாடலை 1,500 மணி நேரம் ஓட்டியவரைப் பிடித்துக் கேளுங்கள். 50 மணி ஓட்டியவர் எல்லாரும் நல்ல வண்டி என்றுதான் சொல்வார்கள்.

பில்லும் கடனும்

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பில்லில் அது சரியாக உள்ளதா என்று பாருங்கள். பதிவு, இன்சூரன்ஸ், கொக்கி, மேல் கை, எடைக்கட்டி, பம்பர், கூரை இவற்றில் எது விலைக்குள், எது தனி என்று எழுதி வாங்குங்கள். வட்டியைக் கேட்கும்போது "ஃபிளாட்டா, குறையும் பாக்கிக்கா" என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால் கட்டியது போக மிச்சத்துக்கு அல்ல, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி. ஐந்து வருடக் கடனில் ஃபிளாட் 9 விழுக்காடு என்பது குறையும் பாக்கிக் கணக்கில் 16 விழுக்காட்டை நெருங்கும்.

மானியம் வேண்டுமானால் முதலில் விண்ணப்பம், பிறகுதான் வண்டி. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 விழுக்காடும் மற்றவர்களுக்கு 40 விழுக்காடும் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாடலாக இருக்க வேண்டும். உத்தரவு வருமுன் வாங்கிவிட்ட வண்டிக்குப் பின்னால் மானியம் கேட்டு அலைவது வீண். உங்கள் பகுதியின் வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பழைய வண்டி என்றால்

காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த இஞ்சின் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடேறியும் நிற்காத வெள்ளைப்புகை நாசிலிலோ கம்ப்ரஷனிலோ கோளாறு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. இஞ்சின் வேலைக்கான தொகையை விலையில் கழியுங்கள்.

கியர் ஆயில் அளவுக்கம்பியை எடுத்துப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நெல் பகுதி வண்டிகளில் இது சகஜம், பேரிங்கும் போயிருக்கலாம். கனமான கருவியைத் தூக்கி, இஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். மெல்ல இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு. மேல் கியரில் பிரேக்கை மிதித்தபடி கிளட்சை மெதுவாக விடுங்கள். இஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் உறுமினால் கிளட்ச் தட்டு தேய்ந்தது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்.

மணி மீட்டரை நம்பாதீர்கள், மிதிகட்டையையும் இருக்கையையும் நம்புங்கள். 1,200 மணி காட்டும் வண்டியின் கிளட்ச் மிதி வழவழவென்று தேய்ந்திருக்காது.

ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) உள்ள இஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் தேய்த்துப் பார்த்து ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்று கைக்கு வந்து, பதிவு நீக்கப்படும்வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம்.